புஷ்பா தேர்ந்தெடுத்த சின்னக் குக்கர்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. எங்கள் பழைய தொழிற்சாலைத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ரோஜாப்பூ படம் போட்டு எல்லாருக்கும் காலை வணக்கம் சொல்லியிருந்தாள். அதன் கீழே, புஷ்பா நேற்று தவறிவிட்டாள் என்று ஒரு வரி. அதற்கும் கீழே யாரோ ரோஜாப்பூவுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். குழுவில் புஷ்பா என்று இரண்டு பேர் உண்டு. மற்றவளாக இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் வேண்டிக்கொண்ட பாவியும் நான்தான்.

எங்கள் புஷ்பாதான். ஜோகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் இருபத்திரண்டு வருஷம் ஒரே லைனில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவள். முந்தின நாள் மாலை ஏழு மணிக்கு வழக்கம்போல அவளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வியாழக்கிழமை, கோயிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்து நான் சாப்பிட்டு முடித்துப் பாத்திரமும் கழுவிவிட்டேன். அந்த நேரத்தில் அவள் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். அவள் தம்பி தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சேதி சொல்லியிருக்கிறார். என்னை அவருக்குத் தெரியாது. அதனால் தினமும் அவளோடு பேசியவளான நானும், எல்லாரையும்போல அந்த ஒரு வரியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நம் தொழிற்சாலையில் வேலை செய்த உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். கேன்டீனே திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பவள். சூப்பர்வைசரிடம் நமக்கெல்லாம் சேர்த்து வாய் கொடுப்பவள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், உன் மாமியார் எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பாள், அதோடு பேச்சு நின்றுவிடும். எனக்குத் தெரிந்த புஷ்பாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நான் ஒரு ரைஸ் குக்கர் வாங்கிய கதையைத்தான் எழுத வேண்டும். சிரிக்காமல் படியுங்கள்.

ஏழு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் இறந்தார். மகன் அதற்கு முன்பே குடும்பத்தோடு சிங்கப்பூரில் குடியேறிவிட்டான். வீட்டில் இருந்தது பத்து கப் குக்கர். அதன் அடியில் ஒரு கப் அரிசியைப் போட்டு மூன்று நாள் ஆக்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் காய்ந்து அப்பளம்போல ஒட்டிக்கொண்டது. மூடியைத் திறந்தால் அவ்வளவு பெரிய சட்டியில் அந்தக் கொஞ்சூண்டு சோறு கிடப்பதைப் பார்க்கவே முடியவில்லை. குக்கரைக் கோயில் மடப்பள்ளிக்குக் கொடுத்துவிட்டு, இரவுக்கு ரொட்டியும் தேத்தண்ணியும் என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் கேன்டீனில் நான் மிச்சச் சோற்றைப் பொட்டலமாகக் கட்டிக்கொள்வதைப் புஷ்பா பார்த்துவிட்டாள். அங்கே ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது, வீட்டில் குக்கர் என்ன ஆயிற்று என்றாள். கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமையே என்னை மின்சாதனக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் குக்கர் பார்த்த அழகைக் கடைக்காரச் சீனரே கைகட்டி நின்று பார்த்தார். உள்சட்டியை வெளியே எடுத்துக் கனம் பார்த்தாள். மெல்லிசு என்று இரண்டை ஒதுக்கினாள். சட்டியை மேஜைமேல் வைத்து ஆட்டிப் பார்த்தாள்; அடி சமமாக உட்காராவிட்டால் ஒரு பக்கம் குழையும், ஒரு பக்கம் வேகாது என்றாள். மூடியின் உள்தகட்டைக் கழற்றிக் கழுவ முடியுமா, சட்டி தேய்ந்தால் சட்டி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று மலாயில் விசாரித்தாள். அவர் எட்டு பட்டன் வைத்த குக்கர் ஒன்றைக் காட்டினார். கஞ்சி, கேக், சூப் எல்லாம் செய்யுமாம். புஷ்பா என் பக்கம் திரும்பினாள்.

“எட்டு பட்டன் இருந்தாலும் நீ ஒண்ணத்தான் அமுக்கப் போற கமலா. மத்த ஏழையும் தொடச்சிக்கிட்டே இருப்ப.”

நான் அதற்குள் ஒரு பத்து கப் குக்கரின்மேல் கை வைத்திருந்தேன். வீட்டிலிருந்த பெரியதை வேண்டாமென்று கொடுத்தவள்தான், ஆனாலும் கை அங்கேதான் போயிற்று. புஷ்பா அதை நகர்த்திவிட்டு ஒரு மூன்று கப் குக்கரை என் முன்னால் வைத்தாள். பொம்மை மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகன் பிள்ளைகளோடு வந்து நின்றால் இதில் என்ன ஆக்குவது என்று கேட்டேன்.

“அவன் வர்ற அன்னிக்கு ரெண்டு தடவ ஆக்கு. வராத அன்னிக்கு நீ என்னா சாப்பிடுவ? அதுக்குத்தான் இப்ப வாங்க வந்திருக்கோம்.”

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். என் மகன் வரமாட்டான் என்று ஊருக்கே சொன்னதுபோல இருந்தது. அவன் கெட்ட பிள்ளை இல்லை. வாரம் தவறாமல் போனில் கூப்பிடுவான். வருகிறாயா என்றால், பார்க்கலாம்மா, பாலத்தில் ஜாம் எப்படி இருக்கிறதென்று பார்த்துச் சொல்கிறேன் என்பான். சிங்கப்பூர்ப் பாலத்தில் என்றைக்குத்தான் ஜாம் இல்லை? சின்னக் குக்கரை வாங்கிக்கொண்டு, வழி முழுக்க அவளோடு பேசாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் அதில் ஆக்கினேன். சோறு நறநறவென்று அரை வேக்காடாக இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குக்கர் சரியில்லை, சின்னது வாங்கியதே தப்பு, பெரியதாக மாற்றிக்கொள்ளலாம். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் பெட்டியோடு கடைக்குக் கிளம்பினேன். கூப்பிடாமலே புஷ்பாவும் வந்தாள். கடைக்காரர் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். குக்கர், ஒயர், கரண்டி, அப்புறம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத அளவுக் கப். அந்தக் கப்பைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தார். பிறகு எதில் அரிசி அளந்தாய் என்று புஷ்பா கேட்டாள்.

பால் டின்னில்தான். வேறு எதில் அளப்பது? என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது அளந்தது பால் டின்னில், நான் நாற்பது வருஷமாக அளப்பதும் அதே டின்னில். இரண்டு டின் அரிசி போட்டு, சட்டிக்குள் ‘2’ என்று போட்டிருந்த கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றியிருந்தேன். தண்ணீர் அரிசிக்கு மேலே வந்ததா என்றே தெரியவில்லை. விரல் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். புது மிஷின், அதற்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். அந்தக் கோடு அந்தக் குட்டிக் கப்பின் கணக்குக்குப் போட்டது, பால் டின் அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பெரியது என்று புஷ்பா விளக்கினாள். இந்தியர்கள் திருப்பிக் கொண்டுவரும் குக்கருக்கெல்லாம் இதே கதைதான் என்று கடைக்காரர் மலாயில் சொல்லிச் சிரித்தார். புஷ்பாவும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

“ரெண்டு டின்னு யாருக்கு கமலா?”

நான் ஆக்கியது ஞாயிற்றுக்கிழமை அல்லவா. மகன் வந்தாலும் வருவான் என்று போட்டது. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதேன். வீட்டுக்காரர் போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. கடைக்காரர் அந்தப் பக்கம் போய் ஒரு மின்விசிறியைத் துடைக்க ஆரம்பித்தார். புஷ்பா கப்பின் உறையைப் பிரித்து, கப்பை என் கைப்பைக்குள் போட்டு, குக்கரைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அடுத்த வருஷம் எங்கள் தொழிற்சாலை மூடப்பட்டது. அவள் கெலாங் பாத்தாவில் வேறு வேலைக்குப் போய், அங்கேயே ஓர் அடுக்குமாடியில் சின்ன வீடு வாங்கிக்கொண்டாள். அப்போது ஆரம்பித்ததுதான் ஏழு மணிப் போன். இரண்டு பேரும் அவரவர் குக்கரின் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனை ஸ்பீக்கரில் போடுவோம். சுவிட்ச் மேலே வரும்வரை பேச்சு, பிறகு சாப்பாடு. அரிசியை வேறு பாத்திரத்தில் கழுவினாயா, சட்டியின் அடியைத் துடைத்து வைத்தாயா என்று தினமும் விசாரிப்பாள். என் குக்கர் எப்போதும் முதலில் முடித்துவிடும். முடித்ததும் மூடியைத் திறக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

“பத்து நிமிஷம் அத சும்மா விடு. சோறும் கொஞ்சம் தனியா இருந்து பழகட்டும்.”

மாதத்தில் ஒரு ஞாயிறு என் வீட்டுக்கு வருவாள். ஒரு முறை அவள் வந்தபோது குக்கர் வார்மிலேயே கிடந்தது. சனிக்கிழமை வருவதாக மகன் சொல்லியிருந்ததால் வெள்ளிக்கிழமை இரவே ஆக்கி வைத்திருந்தேன். சோறு மஞ்சளாகி வாடை வந்துவிட்டது. வார்மில் வைத்தால் சூடாக இருக்கும், நல்லா இருக்காதுலா என்று மட்டும் சொன்னாள். மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டியை ஊறவைத்துக் கழுவி, புதிதாக இரண்டு கப் போட்டு, நாங்கள் இருவரும் நெத்திலிச் சம்பலோடு சாப்பிட்டோம்.

சனிக்கிழமைகளில் பேசும்போது, நாளைக்கு இங்கே வருகிறாயா என்று கேட்பாள். பார்க்கலாம் என்பேன். எனக்கு முட்டிவலி, மழை வேறு, கெலாங் பாத்தா தூரம், ஒருவேளை மகன் வந்துவிட்டால். தினமும்தான் பேசுகிறோமே என்றும் சொல்வேன். அவள் வற்புறுத்தமாட்டாள். ஆறு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

சேதி தெரிந்த வெள்ளிக்கிழமை, குழுவில் முகவரி கேட்டு வாங்கி, வாடகைக் கார் பிடித்து முதல் தடவையாக அவள் வீட்டுக்குப் போனேன். யோங் பெங்கிலிருந்து வந்திருந்த தம்பியும் அவர் மனைவியும் நான் யாரென்று கேட்டார்கள். கூட வேலை செய்தவள் என்றேன். வேறென்ன சொல்வது? எல்லாம் முடிந்து பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டபோது நான் சமையலறைக்குள் நின்றிருந்தேன். அங்கே ஒரு பத்து கப் குக்கர் இருந்தது. தம்பி மனைவி அதை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“ஒரு ஆளுக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய குக்கரு?”

எனக்கும் தெரியவில்லை. என்னிடம் சின்னது வாங்கு என்று அடம்பிடித்தவளாயிற்றே. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா என் பெயரைக் கேட்டுவிட்டு, தெப்ராவ் கமலாவா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். புஷ்பா என் வீட்டுக்கு வராத ஞாயிறுகளில் எல்லாம் நான்கு கப் அரிசி கழுவி வைத்துவிட்டு, தோழி வந்தாலும் வருவாள் என்று பன்னிரண்டு மணி வரை குக்கரைத் தட்டாமல் உட்கார்ந்திருப்பாளாம். பிறகு ஆக்கி, பாதியை இவர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவாளாம். இத்தனை நாளும் உங்கள் பங்கைத்தான் என் பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று மலாயில் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னார்.

என் மகன் எனக்குச் சொல்லும் அதே வார்த்தையை நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும், என் வீட்டுக்கு யாருமே வருவதில்லை என்று அவளிடமே புலம்பிக்கொண்டு. மற்ற ஆறு நாளும் அந்தப் பெரிய சட்டியில் ஒரு கப்பைப் போட்டுக் காய்ந்த சோற்றைச் சுரண்டித் தின்றிருப்பாள். அவள்மேல் கோபமாக வருகிறது. ஒரு தடவை என்னை அதட்டிக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். அதட்டத் தெரியாதவளா அவள்? மகனைத் தவிர வேறு யாருக்காகவும் நான் காத்திருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் குக்கரை எடுத்துக்கொள்கிறீர்களா என்று தம்பி கேட்டார். பக்கத்து வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பஸ்ஸிலேயே போனேன். தெப்ராவிலிருந்து ஜோகூர் பாருவுக்கு ஒன்று, அங்கே மாறி கெலாங் பாத்தாவுக்கு ஒன்று, இறங்கி ஐந்து நிமிட நடை, அப்புறம் மூன்று மாடி. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வழி ஒன்றுதான். முட்டி வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவ்வளவு ஒன்றும் தூரமில்லை.