கறுப்புக் கதவில் ஒரு கோடு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் ஒரு சின்னப் பெட்டியைப் பிரித்து என் முன்னால் பரப்பினான். நகப்பூச்சுப் புட்டி மாதிரி ஒன்று, இரண்டு துண்டு உப்புத்தாள், பசை போல ஒரு டியூப். தஞ்சாவூரில் எங்கள் தெருவின் அகலம் தெரிந்தவர்களுக்கு அவன் காருக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை. யாரோ ஒருவருடைய பைக் கைப்பிடி பின்கதவில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. வீட்டிலேயே சரிசெய்வது எப்படி என்று செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தான். வாலிப காலம் முழுக்க கார்களைத் துடைத்தே தேய்ந்த அப்பன் ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அவன் நினைவுக்கு வரவில்லை. நானும் கௌரவமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் கை கேட்குமா? எழுந்து போய், கோட்டின் குறுக்கே நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன்.

அதுதான் முதல் வேலை. நகம் வழுக்கிக்கொண்டு போனால் கீறல் மேல் பளபளப்போடு நின்றுவிட்டது என்று அர்த்தம். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் போதும். நகம் மாட்டினால் உப்புத்தாளைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், பட்டி வைத்துப் பள்ளத்தை அடைக்க வேண்டும், காயவிட வேண்டும், பிறகுதான் பெயிண்ட். பொறுமை இல்லாதவர்கள் நேராகப் பெயிண்டுக்குப் போய், கதவில் அட்டை ஊர்வது போல ஒரு தடிப்பை வரவழைத்துவிடுவார்கள். என் மகன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். புட்டியைத் திறந்ததும் தின்னர் வாசனை மூக்கில் ஏறியது. அந்த வாசனை எனக்குக் காரை நினைவூட்டுவதில்லை. கோவிந்தனைத்தான் நினைவூட்டும்.

கீழ்வேளூருக்குத் தெற்கே ஒரு பண்ணையில் அப்போது நான் டிரைவர். நாகப்பட்டினத்தில் ஒரு பாயின் பட்டறையில் டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் கொஞ்சம் பழகிவிட்டு வந்திருந்ததால், டிரைவர் சம்பளத்திலேயே இந்த வேலைகளையும் பண்ணையார் என் தலையில் கட்டியிருந்தார். அவருடையது பெரிய கறுப்புக் கார். தினமும் காலையில் துடைத்து முடித்ததும் அதில் என் முகத்தைப் பார்த்துத் தலைவாரிக்கொள்வேன். அந்த வயதில் அதற்குமேல் எனக்குப் பெரிய லட்சியம் எதுவும் இருந்ததாக நினைவில்லை.

சென்னையில் ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பண்ணையாரும் கதரிலிருந்து கரை வேட்டிக்கு மாறியிருந்தார். வேட்டிதான் மாறியது. வயலில் அறுப்புக் கூலிக்காகச் சங்கத்துக்காரர்கள் கொடி நட்டால், மறுநாள் வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து இறங்குவார்கள். பின்னாலேயே போலீஸ் வேனும் வரும். இன்ஸ்பெக்டருக்கு மதியச் சாப்பாடு பண்ணை வீட்டில். அவரைக் கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது நான்.

கோவிந்தன் அந்தப் பண்ணையின் மாட்டுக்காரர். எனக்கு அப்பா வயது. வேலையாட்களின் குடிசைகள் எல்லாம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்க, அவர் குடிசை மட்டும் பண்ணை வீட்டு வெளிக்கேட்டை ஒட்டி, தென்னந்தோப்பின் மூலையில் இருந்தது. மாடு ராத்திரியில் கன்று போட்டால் ஆள் பக்கத்தில் வேண்டும் என்று அவர் அப்பா காலத்தில் கொடுத்த இடம். அவர் மனைவி அஞ்சலை வாசலில் ஒரு பூவரசு வைத்து வளர்த்திருந்தார்.

ஒரு நாள் கணக்குப்பிள்ளை வந்து, குடிசை போட்டிருக்கிற மனையெல்லாம் குடியிருப்பவனுக்கே பட்டா ஆகப்போகிறது, தாசில்தார் ஆபீசிலிருந்து ஆள் வந்து எண்ணப்போகிறார்கள் என்று சொன்னார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மனைகள் போனால் போகட்டும் என்று பண்ணையார் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கேட்டை ஒட்டிய மூலை அவருக்கு அப்படி இல்லை. தன் வீட்டு வாசலில் கோவிந்தன் மனைக்குச் சொந்தக்காரனாக நிற்பது!

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் காரின் இடது பின்கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது. நகம் நன்றாகவே மாட்டியது. பண்ணையார் குனிந்து பார்த்தார். கோபமே இல்லை. "அருவா நுனி," என்றார். கோவிந்தனைக் கூப்பிடச் சொன்னார். கூலி கேட்கப் போன கூட்டத்தில் கோவிந்தனும் நின்றிருந்தார் என்பதைக் காரணமாகச் சொன்னார். மற்ற ஆட்களையும் வரச்சொல்லிச் சுற்றி நிற்கவைத்தார்.

"நான் செய்யலீங்க," என்றார் கோவிந்தன். "என் கையில அருவா இருந்தா நெல்லத்தாங்க அறுப்பேன்."

"அத ஸ்டேஷன்ல சொல்லு. இல்லன்னா வெள்ளிக்கெழமைக்குள்ள மனையக் காலி பண்ணிட்டுப் போ. நான் ஒண்ணும் உன்ன அடிக்கல பாரு."

பிறகு என்னிடம், அங்கேயே, வெயிலிலேயே வேலையை ஆரம்பிக்கச் சொன்னார். கோவிந்தன் தண்ணீர் டின்னைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உட்காரக் கூடாது.

நான் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் கோட்டின் அடியில் பச்சையாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். பொங்கலுக்கு வெளிக்கேட்டுக்குப் பச்சை அடித்திருந்தோம், அடித்தவனே நான்தான். தண்ணீர் மாற்றுகிற சாக்கில் கேட்டுக்குப் போனேன். தாழ்ப்பாள் இரும்பில் கறுப்பு ஒட்டியிருந்தது. உயரமும் சரியாக இருந்தது. காலேஜ் லீவில் வந்திருந்த பண்ணையாரின் மகன் முந்தின நாள் மாலை என்னிடம் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காரை ஓட்டிவிட்டு வந்திருந்தார்.

பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட வேகத்தில் உள்ளே ஓடினேன். பண்ணையார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டுப் பெயிண்ட் விஷயத்தை மூச்சு வாங்கச் சொன்னேன். பேப்பரைத் தாழ்த்தாமலேயே கேட்டார்.

"தெரியும்டா. கீறினது யாருன்னு நான் எப்பக் கேட்டேன்?"

பக்கத்தைத் திருப்பினார். "வெயில் எறங்கறதுக்குள்ள போயி வேலையப் பாரு."

திரும்பி வந்து தேய்த்தேன். கோட்டைத் தாண்டி நல்ல பெயிண்டையும் தேய்த்துவிட்டேன். குரலைத் தாழ்த்திக் கோவிந்தனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் டின்னைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"சத்தம் மொதல்ல கேட்டதே எங்களுக்குத்தான் தம்பி. கேட்டு எங்க வாசல்லதான இருக்கு. சின்னய்யா எறங்கித் தடவிப் பாத்தத அஞ்சல பாத்துச்சு."

அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா சின்னய்யா மேல பழி போட்டேன்னு இன்னொண்ணு சேரும்."

ஸ்டேஷன் என்றால் என்ன என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். அஞ்சலையின் தம்பியை முந்தின அறுப்பில் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதன் பிறகு அவனால் சோற்றைப் பிசைய முடியவில்லை. அஞ்சலைதான் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அதனால் முடிவு எடுத்ததும் அவர்தான். போயிடலாம் என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே கூரையின் கீற்றுகளை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தார். உதவிக்கு என்று பண்ணையார் அனுப்பிய வெளியூர் ஆட்கள் சுவரை மிதித்துத் தள்ளினார்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்ததை அவர்கள் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

மறுநாள் பெயிண்ட் காய்ந்தது. மூட்டைகளோடு கிளம்பிய கோவிந்தனைப் பண்ணையார் கேட்டில் நிறுத்தினார். கடைசிப் பாலிஷை அவரே போட்டுவிட்டுப் போகட்டும் என்றார். கோவிந்தன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நான் கொடுத்த துணியை வாங்கி வட்டம் வட்டமாகத் தேய்த்தார். மாட்டின் முதுகைத் தேய்க்கிற மாதிரிதான் தேய்த்தார். அவருக்கு வேறு விதமாகத் தேய்க்கத் தெரியாது. கறுப்புக் கதவில் அவர் முகம் தெரிய ஆரம்பித்தது. பண்ணையார் மகன் கையில் காப்பியோடு வந்து குனிந்து பார்த்தார்.

"கலர் நல்லா மேட்ச் ஆயிருக்குல்ல?" என்றார், என்னைப் பார்த்து.

அஞ்சலை தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு சாலையில் நின்றிருந்தார். கோவிந்தன் துணியை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரத்தநாட்டுப் பக்கம் யாரோ சொந்தம் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பக்கம் எத்தனையோ முறை வண்டி ஓட்டியிருக்கிறேன். ஒரு முறையும் கண்ணில் படவில்லை.

எண்ணுகிறவர்கள் வந்தபோது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளை எண்ணினார்கள். மெல்ல மெல்லப் பட்டாவும் வந்தது. கேட்டை ஒட்டிய மூலையில் எண்ண எதுவும் இல்லை. பண்ணையார் அங்கே காருக்கு ஓட்டு ஷெட் கட்டினார். பூவரசை வெட்டி அதன் கூரைக்கே கைமரம் ஆக்கினார். ஆனால் ஒன்றை மட்டும் அவரால் செய்ய முடியவில்லை. அந்த ஷெட்டுக்கு ஊரில் எல்லோரும் கோவிந்தன் மனை என்றே பேர் வைத்துவிட்டார்கள். சமையல்காரம்மா சொன்னார், கணக்குப்பிள்ளை சொன்னார், பண்ணையார் மனைவியும் சொன்னார். ஒரு நாள் நாகப்பட்டினத்திலிருந்து மழையில் திரும்பும்போது பண்ணையாரே, "வண்டியக் கோவிந்தன் மனையில விட்டுட்டுப் போடா," என்றார். அடுத்த வருஷம் எனக்கு பஸ் வேலை கிடைத்து அங்கிருந்து வந்துவிட்டேன்.

சென்ற சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காக அந்த வழியாகப் போனேன். பண்ணை வீடு இல்லை. தோப்பு இல்லை. கல் நட்டுப் பிரித்த மனைகள், நடுவில் தார் ரோடு. ஒரு டீக்கடையில் இறங்கி, கோவிந்தன் மனை எந்தப் பக்கம் என்று கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எதிரே வரிசையாக நின்ற நகர்ப் பெயர்ப் பலகைகளை ஒருமுறை பார்த்தார்.

"அப்படி ஒரு நகர் இங்க இல்லீங்களே," என்றார்.