படகு புறப்படும் காட்சிக்குக் கீழே

சின்னையாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவர் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதைக் கேட்டாலும் இரண்டு வரிதான். "சாப்பிட்டீங்களாண்ணே?" என்றால், "ஆச்சு. மீன்." "மழை வருமா?" என்றால், "ஜுரு பக்கம் கறுத்திருக்கு. வரும்." அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. எங்கள் தீவின் ஜெலுத்தோங்கில், எங்கள் அடுக்குமாடி பிளாட்டில் இதைத் திமிர் என்று நினைப்பவர்கள் உண்டு. குடிவந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் மனைவி நல்லம்மாள் அக்காதான் காரணத்தைச் சொன்னார்.

"அது படத்துக்கு எழுதி எழுதி வந்த வியாதி லா. ரெண்டு வரிக்கு மேல போனா ஸ்கிரீன்ல எடம் இல்லையாம்."

வேலை என்னவோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவது. பெரிப் படகில் அக்கரை போய், பட்டர்வொர்த்தில் கண்டெய்னர்களைத் தூக்கி இறக்கிவிட்டு வீடு திரும்புவார். பள்ளிக்கூடத்தில் மலாய் நன்றாக வந்தது. விசிடி கொடிகட்டிப் பறந்த காலத்தில், தமிழ்ப் படங்களை அடியில் மலாய் எழுத்துகளோடு வெளியிட்டுவந்த ஒரு கடைக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். மாலையில் குளித்துவிட்டு மேசைமுன் உட்கார்வார். படத்தை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு வசனத்தை மலாயில் எழுதுவார். கதாநாயகன் மூச்சுவிடாமல் ஒரு பக்கத்துக்குப் பேசுவான். பார்க்கிறவர் அதைப் படித்து முடிப்பதற்குள் ஆள் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போயிருப்பான். அதனால் வெட்ட வேண்டும். அடுக்குமொழியை வெட்டு, சவாலை வெட்டு, அம்மா மேல் போடும் சத்தியத்தில் பாதியை வெட்டு. இரண்டு வரியில் அடங்காத துக்கம் உலகத்தில் கிடையாது என்பது சின்னையாவின் கட்சி.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அக்கா சொல்லித்தான் எனக்கும் தெரியும். கிரேனின் உச்சியில் உட்கார்ந்து பார்க்கும்போது அவருக்குக் கடலின் கீழோரத்தில், படத்தில் வருவதுபோல, எழுத்து தெரியுமாம். வெள்ளை எழுத்து, கறுப்பு ஓரம். ஒரு கப்பல் தீவைவிட்டு மெதுவாகத் திரும்பினால், அலைமேல் 'கிளம்ப மனமில்லை' என்று மலாயில் ஒரு வரி தோன்றி, படிக்கும் நேரம் மட்டும் நின்று, கரைந்துவிடும். மழைக்கு முன்னால் கடல்மேல் போகும் பாலம் மங்கும்போது ஒரு வரி. பெரியில் தூங்கி வழிகிற பெண்ணின் மடியில் ஒரு வரி. ஓய்வுபெற்ற பிறகும் அது போகவில்லை. வராந்தாவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் நின்று பேசினால் முகத்தைப் பார்க்க மாட்டார், முழங்கால் பக்கமாகப் பார்ப்பார். பேசி முடித்த பிறகும் ஒரு கணம் அங்கேயே பார்ப்பார். படிக்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

எழுதிய ஒவ்வொரு படத்துக்கும் கடைக்காரர் ஒரு விசிடி கொடுப்பார். அத்தனையும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. எந்த உறையிலும் சின்னையாவின் பெயர் கிடையாது. அதைப் பற்றி அவருக்கும் கவலை கிடையாது, அக்காவுக்குத்தான் உண்டு.

பக்கத்து வீட்டில் நூருல் ஹுதா. காலையில் மார்க்கெட்டில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்பவர். தமிழில் 'அண்ணே', 'போதும்' என்ற இரண்டு சொற்களைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால் தமிழ்ப் படம் என்றால் உயிர். சின்னையா எழுதிய படங்களை எல்லாம் அவர் பார்த்திருக்கிறார். ஆகவே அந்த அம்மாவுக்கு எங்கள் கதாநாயகர்கள் எல்லாருமே சுருக்கமாகப் பேசுகிற, நல்ல குணமுள்ள மனிதர்கள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை.

அந்தப் படங்களில் ஒன்று, ஒரு தாயையும் மகனையும் பற்றியது. பெரிதாக ஓடாத படம். கடலோரத்து ஊர். கடைசிக் காட்சியில் மகன் சண்டைபோட்டுக்கொண்டு படகில் ஏறுகிறான். தாய் தண்ணீரில் இறங்கி ஓடிவருகிறாள். அவன் திரும்பிப் பார்த்து, "இனிமே என்னைத் தேடாதே!" என்று கத்துகிறான். அதன்பிறகு பாட்டும் கிடையாது, வசனமும் கிடையாது. படகு சின்னதாகிறது, அவள் நிற்கிறாள், படம் முடிகிறது.

அந்த வசனத்தை எழுத வேண்டிய மாலையில் சின்னையாவுக்குக் கை ஓடவில்லை. படத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு அந்தத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு அவள் முகத்துக்குக் கீழே மலாயில் வேறு எதையோ எழுதினார்.

'காத்திரு, அம்மா.
நான் திரும்பி வருவேன்.'

"அவன் அப்படிச் சொல்லலையே," என்றார் அக்கா.

"தெரியும். அந்த அம்மா நனைஞ்சு நிக்கிது."

இரண்டு வரி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கடைக்காரரும் கவனிக்கவில்லை, விசிடி வெளிவந்துவிட்டது.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நூருல் ஹுதாவின் மகன் ரிஸ்வான் வீட்டைவிட்டுப் போனான். ஜுருவில் கார் விற்கும் இடத்தில் நல்ல வேலையில் இருந்தவன். கல்யாண விஷயத்தில் தாய்க்கும் மகனுக்கும் சண்டை. கதவைத் திறந்துபோட்டுக் கத்தினார்கள், வராந்தா முழுக்கக் கேட்டது. கடல் தாண்டி சபா மாநிலத்துக்குப் போனான் என்றார்கள். அதன்பிறகு ஒரு போன்கூட இல்லை. நூருல் அழுதுபுரளவில்லை. மறுநாளும் நாசி லெமாக் விற்றார். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அந்த விசிடியைப் போட்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நடுக்காட்சிகளைத் தள்ளிவிட்டு, நேராகக் கடைசிக் காட்சிக்குப் போய்விடுவார்.

அவரும் சின்னையாவும் பேசிக்கொள்வது மலாயில். நமக்காகத் தமிழில் எழுதுகிறேன். "அவன் அம்மாவுக்குச் சொல்லிட்டுப் போறான் பாருங்கண்ணே," என்பார் நூருல். "காத்திருன்னு சொல்றான்." ஒருமுறை மட்டும், "ஏன் இவ்வளவு கோபமா சொல்றான்?" என்று கேட்டார். "கடல் காத்து. கத்தினாத்தான் கேக்கும்," என்றார் சின்னையா.

பிறகு பிளேயர் கெட்டது. மாற்று கிடைக்கவில்லை. நூருலின் மகள் பழைய விசிடிகளை எல்லாம் நூலில் கோத்துப் பால்கனியில் தொங்கவிட்டாள், புறா வராமல் இருக்க. எங்கள் பிளாட்டில் பாதி வீடுகளில் அப்படித்தான். காலை வெயிலில் அந்த வட்டங்கள் சுழன்று எதிர்ச்சுவரெல்லாம் வெளிச்சத் துண்டுகள் நீந்தும். பார்க்க அழகுதான். புறாக்கள் மட்டும் பழகிப்போய் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டன.

போன மாதம் அந்த மகள் புது ஸ்மார்ட் டிவி வாங்கினாள். தேடுகிற இடத்தில் படத்தின் பெயரை அடித்துப் பார்த்தவள், துள்ளிக் குதித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். அம்மாவின் படம் ஆன்லைனில் இருக்கிறது! படம் கண்ணாடிபோல் தெளிவு, மலாய் எழுத்தும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் வாருங்கள்.

"அந்த எழுத்து யார் எழுதினது?" என்றார் சின்னையா.

"யாருக்குத் தெரியும், சின்னையா பக்சிக். புதுசா போட்டிருப்பாங்க."

அன்றைக்குச் சின்னையா சாப்பிடவில்லை. புதிதாக எழுதியவன் ஒழுங்கானவனாக இருந்தால் படத்தில் உள்ளதைத்தானே எழுதியிருப்பான்? அந்த அம்மா இத்தனை ஆண்டு பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே வரி அது. ஞாயிற்றுக்கிழமை அது பிடுங்கப்படும். ஆள் என்ன ஆவார்? இதுதான் அவர் பயம். அக்கா சொல்லக் கேட்டபோது எனக்கும் அதுதான்.

அலமாரியைக் கவிழ்த்து அந்தப் படத்தின் விசிடியைக் கண்டுபிடித்தார். ஆன்லைனுக்குப் பதில் இதையே போட்டுக் காட்டலாம் என்று, லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் அலைந்து ஒரு பிளேயரும் கொண்டுவந்தார். மனிதருக்கு முகத்தில் ஒரு தெளிவு. ஒரு படம் இரண்டு தட்டில் இருக்கும்; முதல் தட்டு ஓடியது. இரண்டாவது தட்டில், தாய் தண்ணீரை நோக்கி ஓடத் தொடங்கும்போது படம் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறி நின்றது. எடுத்துப் பார்த்தால் வெள்ளிப் பூச்சு பழைய முகக்கண்ணாடி மாதிரி உரிந்திருந்தது. துடைத்துப் போட்டார். ஊதிப் போட்டார். ஒவ்வொரு முறையும் அந்தத் தாய் ஓடத் தொடங்கினாள், கட்டமாக உடைந்தாள்.

சொந்தமாக வைத்திருந்தால் போதும் என்று நினைக்கிறோம். பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாலும் உரிகிறது. எனக்கு இதில் பெரிய கோபம் உண்டு, ஆனால் யார் மேல் கோபப்படுவது?

"பேசாம அவங்க வைஃபைய அறுத்து விட்டுருங்க," என்றார் அக்கா.

சின்னையா அதை யோசித்தார் என்பதுதான் வேடிக்கை.

ஞாயிறு மத்தியானம். வெளியே வெயில் உறைந்து கிடந்தது. கடல் பக்கத்திலிருந்து காற்றே இல்லை. நூருல் வீட்டுத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, எங்களுக்குக் கோப்பி கொடுத்தார். நானும் போயிருந்தேன்.

"நூருல் கக், எழுத்த நிறுத்திடலாம். நானே மலாயில சொல்றேன்," என்றார் சின்னையா.

"நீங்க சும்மா படம் பாருங்கண்ணே. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" நூருல் சிரித்தார்.

படம் ஓடியது. இவ்வளவு நீலமாக அந்தக் கடலை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. விசிடியில் அது சாம்பல் நிறமாக இருக்கும். தாயின் புடவையில் சின்னப் பூக்கள் இருந்தன, அதுவும் எங்களுக்குத் தெரியாது. அரையிருட்டில் ஏதோ நாங்களே தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. சின்னையா படத்தைப் பார்க்கவில்லை. நூருலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் படகில் ஏறினான். தாய் ஓடிவந்தாள், உடையாமல், முழுதாக ஓடிவந்தாள். அவன் திரும்பினான். கத்தினான். கீழே மலாயில் ஒரே வரி வந்தது.

'இனி என்னைத் தேடாதே.'

நூருல் ரிமோட்டை அழுத்தினார். படம் நின்றது. அந்த வரியும் அப்படியே நின்றது.

"இது தப்பு," என்றார். "இத எழுதினவனுக்குத் தமிழ் தெரியல." பிறகு சின்னையா பக்கம் திரும்பினார். "அண்ணே, உங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே. நிஜமா அவன் என்ன சொல்றான்?"

அக்கா குனிந்துகொண்டார். நான் கோப்பியைப் பார்த்தேன். ஒரு சொல் பொய் சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். சொல்லிவிடுங்கள் அண்ணே என்று எனக்குள் நான் கெஞ்சினேன்.

"சரியாத்தான் எழுதியிருக்கு," என்றார் சின்னையா. "தேடாதேன்னுதான் சொல்றான்."

"அப்ப, காத்திருன்னு சொன்னது?"

"அது நான்."

எங்கேயோ ஒரு வீட்டில் துணி துவைக்கும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. நூருல் திரையில் உறைந்து நின்ற அந்தத் தாயையே பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் டிவிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"கதவுகிட்ட நின்னு ரிஸ்வான் என்கிட்ட இதேதான் சொன்னான்," என்றார். "இதே வார்த்தை. தினமும் இந்தப் படத்தப் போட்டு இவளப் பாப்பேன். இவ பிள்ளை வர்றேன்னு சொல்லிட்டுப் போறான், என் பிள்ளை சொல்லலயேன்னு இருக்கும். எனக்கு இவ மேல எவ்வளவு பொறாமை தெரியுமாண்ணே? இத்தன வருஷமா!"

சின்னையா நூருலின் முழங்கால் பக்கமாகப் பார்த்தார்.

நூருல் கையை நீட்டி, திரையில் அந்த நனைந்த முகத்தைத் துடைத்துவிட்டார்.

"உனக்குமா?" என்று அவளிடம் மலாயில் கேட்டார்.