பிரவுன் கொழுப்பும் கேட் போனும்

வெயில் ஊரில் குளிர்ப் பார்சல் ஆபீஸ் போனை எடுக்கிறவங்களுக்குக் காது எப்பவும் சூடாத்தான் இருக்கும். சக பாவிகளே, உங்களைச் சிரிக்க வைக்கிறேன். ஆனா இப்ப இல்ல. முதல்ல கொஞ்சம் பதறுங்க.

ஆம்பூருக்குப் போன பொட்டி

வேலூர் ஆராய்ச்சிக்கூடத்து ஜெனிபர் அக்காவுக்கு ஒரு சின்னக் குப்பி வரணும். உள்ளே மனுஷ பிரவுன் கொழுப்புச் செல்கள். குளிரில் நம்ம உடம்பைச் சூடாக்குற கொழுப்பு அது. சர்க்கரையை எப்படி எரிக்குதுன்னு அக்கா பார்க்கணும். சூடு கொடுக்கவே பிறந்த செல்லுக்கு எங்க ஊர் வெயில் ஆகாது. பொட்டியில் டிரை ஐஸ் தீர்ந்தா செத்துடும்.

புது டிரைவர் லேபிளில் 'பிரவுன்', 'கொழுப்பு' ரெண்டையும் பார்த்தார். தோலுக்குப் போடுற சரக்குன்னு நினைச்சு, ஆம்பூர் தோல் கம்பெனி கேட்டில் இறக்கிட்டுப் போய்ட்டார். கம்பெனி மேனேஜர் இருமிக்கிட்டே போன் பண்ணார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வெச்சும் விட்டார். அவர் கேட்டது இவ்வளவுதான்: "இன்னாம்மா, பிரவுன்னு போட்டா போதுமா, ஷேடு நம்பர் எங்க?"

கேட்டுக்கு வெளியே

பொட்டியைத் திருப்பி எடுத்துட்டு வர, எங்க டெலிவரி சலீம் பாயை பைக்கில் விரட்டினேன். வாட்ச்மேன் முனுசாமி அண்ணன் பொட்டியைத் தரல. மேனேஜர் சொல்லாம ஒரு ஆணிகூட வெளிய போகாதாம். மேனேஜரோ மீட்டிங்கில், போன் ஆஃப். "ஐஸ் கம்மியாய்ட்டே வருதும்மா, பேஜாரு"ன்னார் பாய்.

ஜெனிபர் அக்காகிட்ட சொன்னேன். திட்டல. "இதுவும் போச்சுன்னா என் ஆராய்ச்சி இத்தோட நின்னுடும்மா."

மேனேஜர் பேசுறேன்

எனக்கு வராத குரல் கிடையாது. துப்பட்டாவை ரிசீவரில் சுத்தி, மேனேஜராட்டம் இருமி, கேட்டுக்கு அடிச்சேன். நல்லவேளை, அது நம்பர் காட்டாத பழைய போன்.

"யோவ் முனுசாமி! அந்தப் பொட்டியை அனுப்புய்யா!"

"ஆவட்டும் சார்!" அவர் விறைப்பா நின்னது எனக்கே கேட்டுச்சு.

பைக் பறந்தது. பொட்டி சேர்ந்ததும் அக்கா கூப்பிட்டாங்க: "குப்பி உறைஞ்சு கல்லாட்டம் இருக்குடி!" சந்தோஷம் தாங்கல. பாவம், முனுசாமி அண்ணனுக்கு யாராவது நன்றி சொல்ல வேணாமா? மறுபடி துப்பட்டா, மறுபடி இருமல்.

"முனுசாமி, நல்ல வேலை செஞ்ச. எவ்ளோ நேரம்தான் நிப்ப, போய் டீ குடிச்சுட்டு வாப்பா."

அந்தப் பக்கம் அண்ணன் மெதுவா கேட்டார்: "எங்க சார் இப்படிலாம் பேச மாட்டாரே... யாரு பாப்பா நீ?"

ஆகவே சக பாவிகளே, யார் குரலை வேணும்னாலும் எடுங்க, அந்த ஆளுக்கு இல்லாத நல்ல மனசை மட்டும் அதுல சேர்த்துடாதீங்க.