மச்சான் கையில் மூன்று சீட்டு

மேஜிக்காரர் வருகிறார் என்று ஒரு விசில் கேட்டால் போதும், பேருந்து நிலையத்து ஓரத்தில் சீட்டுக்கடை விரித்திருப்பவன் துண்டைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிடுவான். பள்ளி விழாக்களில் பிள்ளைகளின் காதிலிருந்து காசு எடுத்துக்கொண்டிருந்த மனிதர்தான். ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர், "இந்தப் பகடையில என்ன வில்லங்கம்னு பாத்துச் சொல்லுங்க சார்" என்று கேட்கப்போய், அதுவே தொழிலாகிவிட்டது. ஈயம் ஊற்றிய பகடை, நகத்தால் கீறிய சீட்டு, சட்டைக் கைக்குள் பதுங்கிய ராஜா என்று எல்லாருடைய வண்டவாளத்தையும் மேடையில் தண்டவாளம் ஏற்றினார். ஜனங்கள் விடாமல் கைதட்டினார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

சொந்தத்தில்தான் அவர் பருப்பு வேகவில்லை. மனைவியின் அண்ணன் தையற்கடைக்காரர், தங்கமான மனிதர். ஆனால் மூன்று சீட்டில் விழுந்துகிடந்தார். மூன்றைக் கவிழ்த்துப் போட்டு ராணி எங்கே என்று கேட்பார்களே, அந்தப் பாழாய்ப்போன ஆட்டம்! கைக்கடிகாரம் போனது, சைக்கிள் போனது. ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷினை வைத்து ஆடப்போவதாக அவர் சொன்னபோது தங்கை பதறிப்போய்க் கணவரிடம் ஓடிவந்தாள். அதுவும் போனால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும்.

"மச்சான், முதல்ல ஒருத்தன் ஜெயிக்கிறானே, அவன் அவங்க ஆளுதான்."

"உங்களுக்கு எதைப் பாத்தாலும் திருட்டுதான் மாப்பிள்ளை! எனக்கு ராசி கொஞ்சம் தள்ளிப்போகுது, அவ்வளவுதான்."

ஏமாந்தவனிடம் போய் நீ ஏமாந்தாய் என்றால் யாருக்குத்தான் பொத்துக்கொண்டு வராது? ஏமாற்றியவனை விட்டுவிட்டு, சொன்னவன்மேல் பாய்வான். மேடை மேடையாக ஏறியவருக்கு இந்தச் சின்ன விஷயம் அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை மத்தியானம் மச்சானைத் தன் வீட்டுக்கு வரவழைத்தார். விளக்கமெல்லாம் சொல்லவில்லை. சீட்டைக் கையில் திணித்து, "நீங்களே போடுங்க" என்றார். இரண்டு சீட்டை ஒரே கையில் பிடித்து, அடியிலிருக்கும் ராணியைப் போடுவதுபோலப் பாவனை காட்டி, மேல்சீட்டை நழுவவிட வேண்டும். ஊசி பிடித்த விரல்களல்லவா, சாயங்காலத்துக்குள் அச்சாக வந்துவிட்டது. மச்சானுக்கு வாயெல்லாம் பல்.

"அடேங்கப்பா! நாளைக்கு நானே கடை போடலாம் போலிருக்கே!"

மேஜிக்காரருக்குப் பகீரென்றது. "முதல்ல உங்க தங்கச்சிகிட்ட போட்டுப் பாருங்க" என்றார்.

தங்கை ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். "இந்தச் சனியன் வீட்டுக்குள்ளயே வந்தாச்சா?" என்று கத்தினாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "நான் ஜெயிச்சா நாளைக்கு நீ அங்க போகக்கூடாது. தோத்தா இதை வச்சுக்கோ."

மச்சான் வித்தை பழகிய குஷியில் சீட்டைப் போட்டார். அவள் நடுச்சீட்டைத் தொட்டாள். திருப்பினால் ஏழு.

அவள் கண் கலங்கிவிட்டது. வளையலை அண்ணன் பக்கம் தள்ளினாள். "எனக்கு ராசி இல்லண்ணா."

மச்சானின் சிரிப்பு அப்படியே நின்றது. "கண்ணு முன்னாடிதானேம்மா மாத்தினேன். என் கையை நீ பாக்கலியா?"

"உன் கையை நான் எதுக்குப் பாக்கணும்? நீ என் அண்ணன்."

மச்சான் வளையலை எடுத்து அவள் கையில் மாட்டிவிட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அந்தச் சீட்டுக்கடைப் பயலும் என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுறான் மாப்பிள்ளை."

ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷின் கடையில் கடகடவென்று ஓடியது. மேஜிக்காரர் அதன்பிறகு மேடையில் பாடம் நடத்துவதை விட்டுவிட்டார். ஏமாந்த ஒருவரை மேலே அழைத்து, சீட்டை அவர் கையில் கொடுத்துவிடுவார். முதலில் யாரும் அசையமாட்டார்கள். யாருக்குத்தான் வெட்கமாக இருக்காது! அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர், கழுத்தில் அளவு டேப் தொங்க, எல்லாரையும் விலக்கிக்கொண்டு வருவார்.

"நான் ஏமாந்தேங்க! வாட்ச், சைக்கிள் எல்லாம் போச்சு! பக்கத்துல வாங்க, எப்படின்னு காட்டுறேன்!"