குன்று எரிந்ததும் பால் தண்ணீரானதும்

மராட்டி பேசும் நகரம் ஒன்றின் ஓரமான ஔந்தில் எங்கள் மூன்றாவது மாடி ஃப்ளாட்டின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மேற்கே குன்றுகள் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து நான் வந்த இரண்டாவது வருஷம், மார்ச் மாதத்துச் சாயங்காலம் ஒன்றில் அந்தக் குன்றின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. கார்த்திகைக்கு வரிசையாக விளக்கு ஏற்றினாற்போல் இருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் காபி டம்ளரோடு வந்து நின்றார். "நல்லாத்தான் இருக்குது," என்றார். பிறகு இருவரும் உள்ளே போய்விட்டோம்.

மறுநாள் பால் வரவில்லை.

எங்களுக்குப் பால் ஊற்றுகிற அம்மாள் அந்தக் குன்றுக்குப் பின்னாலிருந்த ஊர்க்காரர். காலை முதல் பஸ்ஸில் இரண்டு கேன்களோடு வந்து இறங்குவார். நான் அவரை மாவ்ஷி என்று கூப்பிடுவேன். மராட்டியில் சித்தி என்று அர்த்தம். அவர் என்னை வஹினி என்பார், அதாவது அண்ணி. முறை இடித்தாலும் இரண்டு பேருக்கும் அதில் கவலை இல்லை.

இரண்டு நாள் கழித்து வந்தார். புருவம் பாதி பொசுங்கியிருந்தது. வணவா, காட்டுத்தீ, என்றார். ஊரே பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு போய் அடித்து அணைத்ததாம். தீபாவளிக்குப் பிறகு அறுத்துச் சரிவிலேயே போர் போட்டிருந்த புல் முழுக்கப் போய்விட்டது. ஒரு வருஷத்துக்கான தீவனம். பஸ் லேட்டாக வந்தது என்று சொல்கிற குரலில்தான் இதைச் சொன்னார்.

"புல்லுதானே மாவ்ஷி, மழை பேஞ்சா முளைச்சிரும்," என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மராட்டியில் ஆறுதல் சொன்னேன். அவர் பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போனார்.

மே மாதம் பால் மாறியது. தயிர் உறையவே மாட்டேன் என்றது.

"ஏனுங்க, பாலு தண்ணியாட்டம் இருக்குதுங்க. மாவ்ஷி கலக்கறாங்க போல."

"கேட்டுப் பாரு," என்றார் கணவர். "ஆனா உன் மராட்டியிலயே கேளு. அவங்களுக்குப் புரிஞ்சிருச்சுன்னா வம்பு."

மராட்டியில்தான் கேட்டேன். மாவ்ஷி கேனைக் கீழே வைத்தார். அவர் பேசியதைத் தமிழில் சொல்வதானால் இப்படி இருக்கும்: "ஞாயித்துக்கிழமை வாங்க வஹினி. பக்கத்துல உக்காந்து பாருங்க."

நானும் விடவில்லை. வீட்டிலிருந்தே ஒரு தூக்குவாளியைக் கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டு கணவரின் ஸ்கூட்டரில் ஏறினேன். குன்றைச் சுற்றிக்கொண்டு போனால் முக்கால் மணி நேரம். ஐந்து எருமை இருந்த கொட்டகையில் இரண்டு நின்றன. விலா எலும்பை எண்ணலாம். முன்னால் வாடிய கரும்புத் தோகை கிடந்தது. மற்ற மூன்றுக்கும் போடத் தீனி இல்லாமல் விற்றாகிவிட்டது.

மாவ்ஷி என் தூக்குவாளியை வாங்கி, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து எனக்கே காட்டிவிட்டுக் கறந்தார். மடியிலிருந்து வந்ததே வெளிறிப் போய்த்தான் வந்தது.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். "மனசு ஆறுச்சா?" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு போய் அடுப்பைப் பற்றவைத்தார். கடலை மாவில் கிண்டிய பிட்லாவும் சோளமாவு ரொட்டியான பாக்ரியும் வந்தன. மன்னிப்புக் கேட்க எனக்கு மராட்டி போதாததால் மூன்று பாக்ரி சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு குன்றுக்குக் கூட்டிப் போனார். சரிவெல்லாம் கரி. இடையிடையே கறுத்த குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை களாக்காய்ப் புதர்கள். மே மாதம் ஊர்ப் பெண்கள் களாப்பழம் பறித்து, இலைத் தொன்னையில் போட்டு நகரத்துக் கேம்ப் கடைவீதி வரைக்கும் கொண்டுபோய் விற்பார்களாம். ஜூனில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது புத்தகம், குடை, செருப்பு எல்லாம் அதில்தான். அந்த வருஷம் தொன்னை தைக்கவே யாரும் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்வர ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று தெரியவந்தது. முதல் மழை, பிடித்துக்கொள்ள வேர் இல்லாத மண்ணை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து ஊர்க்குளத்தில் கொட்டிவிட்டது. குளம் மேடேறியதால் மே வரைக்கும் தண்ணீர் தந்த கிணறு மார்ச்சிலேயே வற்றியது. கிணறு வற்றியதால் கத்தரியும் வெந்தயக்கீரையும் போடுவதை நிறுத்தினார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக எங்கள் பக்கத்துக் கட்டட வேலைக்கு வந்தார்கள். மாவ்ஷியின் வீட்டுக்காரரும் செங்கல் தூக்கி, பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் ஆனார்.

ஆண்கள் போனதில் இன்னொரு சிக்கல். மழை முடிந்து புல் காய ஆரம்பிக்கும்போது குன்றைச் சுற்றிப் பதினைந்தடி அகலத்துக்குப் புல்லை அறுத்து வெறும் தரையாக்கி வைப்பது அந்த ஊர் வழக்கம். வெளியிலிருந்து வரும் தீ அதைத் தாண்டாது. அதற்கு ஆள் சேராத ஒரு வருஷம்தான் முதல் தடவை குன்று எரிந்தது. எரிந்த பிறகோ ஆளே இல்லை. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பவும் எரிந்தது.

எங்கள் குடியிருப்பிலும் பக்கத்திலும் இருந்த தமிழ்ப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடி ஸ்லோகம் சொல்வோம். ஒரு வெள்ளிக்கிழமை சுண்டல் விநியோகத்தின்போது இந்தக் கதையைச் சொன்னேன். யார் யார் அரிவாள் பிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

பேங்கில் வேலை பார்த்த திருநெல்வேலித் தோழி, "அருவாள நான் தொட்டதே கெடயாது. சித்ரான்னம் வேணா கெளறிக் கொண்டாரேன்," என்றாள்.

பதினொரு பெண்களும், வர மறுக்க முடியாத நான்கு கணவர்களும் தேறினோம். தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாக அந்த ஊரில் போய் இறங்கினோம். என் கணவர் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். டேப்பும் கயிறும் சுண்ணாம்புப் பொடியும் கொண்டு வந்து பதினைந்தடியை அளந்து கோடு போட ஆரம்பித்தார்.

மாவ்ஷி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "தீ டேப் பாத்துதான் வருமா?" என்று என்னிடம் கேட்டார். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். கணவர் டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மதியம்வரை நாங்கள் பதினைந்து பேரும் அறுத்ததை அந்த ஊர்ப் பெண்கள் ஐந்து பேர் ஒரு மணி நேரத்தில் அறுத்திருப்பார்கள். கையெல்லாம் கொப்புளம். ஆனால் வெளியூர்க்காரர்கள் வந்து அறுக்கிறார்கள் என்றதும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வெறுங்கையோடு நிற்கக் கூச்சப்பட்டு அரிவாளை எடுத்தது. வாட்ச்மேன் வேலைக்குப் போன மாவ்ஷியின் வீட்டுக்காரர் உட்பட, லீவில் வந்திருந்த ஆண்களும் வந்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமையில் குன்றைச் சுற்றி முடித்தோம். அடுத்த வருஷமும் போனோம். அதற்கடுத்த வருஷமும்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு கோடையில், பட்டப்பகலில், ஜன்னல் வழியே புகை தெரிந்தது. குன்றின் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற புகை. அடுப்பை அணைத்துவிட்டு இருவரும் ஸ்கூட்டரில் பறந்தோம்.

போய்ப் பார்த்தால், தீ நாங்கள் அறுத்து வைத்த வெற்றுத்தரை வரைக்கும் வந்து, மேலே போக ஒன்றும் கிடைக்காமல் ஓரமாகப் புகைந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு பாறை மேல் மாவ்ஷி உட்கார்ந்திருந்தார். மடியில் பச்சைக் கிளை. கையில் வறுத்த வேர்க்கடலை.

"வந்துட்டீங்களா? வேலை ஒண்ணும் இல்ல. உக்காருங்க," என்று கடலையை நீட்டினார்.

எனக்கு அழுகை வந்தது. கடலையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

புல் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிட்டது. களாக்காய்ப் புதர் காய்க்கச் சில வருஷங்கள் பிடித்தன. குளத்தை ஊரே கூடித் தூர் வாரியது. கொட்டகையில் எருமை நான்கானது. வராமல் போனதும் உண்டு. மேல் சரிவில் கேழ்வரகு விளைந்த நிலம் கல்லாகவே கிடந்துவிட்டது. முதல் தீயில் எவ்வளவு நஷ்டமாகியிருக்கும் என்று என் கணவர் ஒரு நாள் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "புல்லுக்கு வெலை போட்டரலாம். அந்தாளு மாடு பாக்கறதையே விட்டுட்டாரே, அதுக்கு என்னன்னு போடறது?" என்றார். வாட்ச்மேன் நாற்காலி பிடித்துப்போய், அவர் ஊருக்கு விருந்தாளி போலத்தான் வந்து போய்க்கொண்டிருந்தார்.

சில வருஷம் கழித்து ஒரு காலை, மாவ்ஷி பாலை ஊற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். ஊரிலேயே பால் எடுக்கும் நிலையம் வந்துவிட்டது, இனி விடியற்காலைப் பஸ் பிடிக்க வேண்டாம், அடுத்த மாதத்திலிருந்து வரமாட்டேன் என்றார். கெட்டிப் பால் மறுபடி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"அப்போ எனக்கு?" என்றேன்.

"பாக்கெட் இருக்கே வஹினி," என்றார், துளியும் இரக்கமில்லாமல்.

அந்த வருஷமும் தீபாவளி முடிந்து நாங்கள் குன்றுக்குப் போனோம். ஊர்ப் பெண்கள் எங்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருந்தார்கள். பாதையோரம், சமதரை, புல்லும் குட்டை. திருநெல்வேலித் தோழிக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரிவுல குடுக்கச் சொல்லு. எத்தன வருசமா அறுக்கோம்," என்றாள். நான் மாவ்ஷியிடம் சொன்னேன். அவர் எங்கள் கால்களில் இருந்த ஷூக்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுச் சரிவில் ஏறிப் போனார்.