அத்தானின் கனைப்பு

அத்தான் பேசுவதற்கு முன் கனைப்பார். வீட்டுக்குள் நுழையும்போது, சாப்பிட உட்காரும்போது, கோபம் வரும்போது, எல்லாவற்றுக்கும் முதலில் கனைப்பு, பிறகுதான் ஆள். "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்று என் அக்கா கேலி செய்வாள். அக்கா இறந்து மூன்று வருடமாகிறது.

சர்க்கஸில் இருபத்திரண்டு வருடம் யானைக்காரராக இருந்தவர் அவர். வருடத்தில் பதினோரு மாதம் கூடாரம், ஒரு மாதம் அக்கா. இந்த மனுஷன் யாரைக் கட்டிக்கொண்டார் என்று எனக்கே சந்தேகம் வரும். யானைக்கு அவர் வைத்த பெயர் பாப்பா. பாப்பாவாம், நாலு டன்!

சர்க்கஸை மூடியதும் பாப்பாவை ஒரு காப்பகத்தார் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தான் துணிக்கடை வாசலில் கார்களுக்கு விசில் ஊத வந்துசேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. ஒற்றை அறை, இரண்டு தட்டு. அதில் ஒன்று கவிழ்த்தபடியே கிடக்கும்.

"எல்லாரும் மறந்தாலும் பாப்பா என்னைய மறக்காது மாப்ள" என்பார், வாரத்துக்கு நாலு தடவை.

"ஆறு வருஷமாச்சு அத்தான். போய்ப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றேன், என் வாய் சும்மா இராமல். அதையே பிடித்துக்கொண்டார். ஒரு மாதம் தூக்கம் இல்லை. பழைய சர்க்கஸ் காக்கிச் சட்டையைத் தேடி எடுத்துத் துவைத்துத் தேய்த்து வைத்தார். அந்த யானையும் கைவிட்டால் இவருக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்கே பயமாகிவிட்டது.

காப்பகத்தில் எங்களை அழைத்துப்போன பெண் அத்தான் பாப்பாவுக்கென்று கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டாள்.

"தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, எதுவும் குடுக்கக் கூடாது. அதுங்களுக்கா தோணினா கிட்ட வரும். இல்லேன்னா நாம பாத்துட்டுப் போயிட வேண்டியதுதான்."

"நான் கூப்பிடவே வேணாம்மா. அதுவே வரும்" என்றார் அத்தான், பெருமையாக.

வேலிக்கு அந்தப் பக்கம், குளத்தங்கரையில், பாப்பா இன்னொரு கிழட்டு யானையோடு நின்று முதுகில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் போனது. எங்களுக்குக் காட்டியதெல்லாம் பின்புறம்தான். எனக்கு யானைமேல் கோபமே வந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் குறைந்தா போய்விடும்?

அத்தானுக்குக் கண் கலங்கியது. என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பழக்கதோஷம், கனைத்துவிட்டார்.

பாப்பா அப்படியே நின்றது. தும்பிக்கையில் இருந்த மண் கீழே கொட்டியது. மெதுவாக எங்கள் பக்கம் திரும்பி, வலது முன்னங்காலைத் தூக்கியது. தூக்கியபடியே நின்றது.

"அத்தான்! கண்டுபிடிச்சிடுச்சு!" என்று குதித்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன் கால எறக்காம நிக்குது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"சங்கிலி மாட்ட" என்றார் அத்தான். "ஷோ முடிஞ்சதும் கனைச்சிட்டுத்தான் கிட்ட போவேன். கால நீட்டும். மாட்டி முடிச்சு நான் சொல்ற வரைக்கும் எறக்காது. எறக்கினா..." கையைப் பார்த்துக்கொண்டார். "எறக்கினா அடிப்பேன்."

அவள் தூக்கியபடி நின்ற அந்தக் காலைப் பார்த்தாள். "சொல்லிடுங்க. ஒரே ஒரு தடவ" என்றாள்.

"விடு பாப்பா" என்றார். குரல் எழும்பவில்லை. மறுபடி, "விட்டுடும்மா. மாட்ட மாட்டேன்."

கால் இறங்கியது. பாப்பா எங்களிடம் வரவில்லை. கிழட்டு யானையை இடித்துக்கொண்டு மரங்களைப் பார்க்கப் போனது. அத்தான் அது மறையும்வரை நிற்காமல் பஸ்ஸை நோக்கி நடந்தார். பழச்சீப்பை நான்தான் வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

இப்போது அவர் கனைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார். ஏதோ வேலையாக நான் கதவைத் திறந்தால் வாசலில் நிற்கிறார்.

"எப்ப வந்தீங்க? ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"இப்பத்தான் மாப்ள" என்கிறார். போன வாரம் மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தேன். நனைந்த சட்டை அவர் உடம்பிலேயே பாதி காய்ந்திருந்தது.