இழுக்கப்பட்டவர்

என் மாமாவின் மீசான் கல்லில் மூன்று வரிகள் இருந்தன: பெயர், மறைந்த ஹிஜ்ரி ஆண்டு, அதன் கீழே ‘மஜ்தூப்’ என்ற ஒரே சொல். கல் நட்ட மறுநாளே அதைப் பிரதி செய்து தேதியும் இட்டுவைத்தேன்; அது என் பழக்கம். இன்று கடற்கரை மையவாடியில் அந்தக் கல்லில் இரண்டு வரிகள்தான் இருக்கின்றன. மூன்றாவதை யாரோ உளியால் கொத்தியிருக்கிறார்கள்.

மாமா கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்தார். சுனாமி அவருடைய ஒரே மகளைக் கொண்டுபோனது. அடக்கம் செய்ய ஜனாஸா கிடைக்கவில்லை. அதன் பிறகு கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போய் அலைகளோடு கதைக்கத் தொடங்கினார். முதலில் ஊர் இரக்கப்பட்டது. பிறகு யாரோ ‘மஜ்தூப்’ என்றார்கள். அன்றிலிருந்து அவர் ஊருக்கு அவுலியா, இறைநேசர்; அவர் கால்பட்ட மண்ணைத் துணியில் முடிந்துகொண்டு போனார்கள்.

அந்தச் சொல்லின் வேர் அரபியில் ‘ஜத்பு’, இழுத்தல். இறைவனை நோக்கிப் படிப்படியாக நடப்பவரை ஞானவழி நூல்கள் சாலிக் என்கின்றன. நடக்காமலே இழுக்கப்பட்டு, அதில் புத்தி சிதறியவர் மஜ்தூப். பைத்தியக்காரனைக் குறிக்கும் ‘மஜ்னூன்’ வேறு வேர். ஜின் என்ற சொல்லோடு பிறந்தது, மறைத்தல் என்ற பொருளில் தொடங்குவது. பக்கத்துக் காரைதீவில் பித்தன் என்றால் சிவனுக்கும் பெயர், புத்தி பிசகியவனுக்கும் பெயர். அது பித்தம் என்ற வைத்தியச் சொல்லிலிருந்து வந்தது. மாமியிடம் இருந்ததோ ஒரே சொல்: வருத்தம். எங்கள் பக்கத்தில் நோய்க்கும் துக்கத்துக்கும் அதுதான்.

மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாமி ஆட்டோ பிடித்தார். பக்கத்து வளவு அரிசி முதலாளி வந்து ஆட்டோவை மறித்து நின்றார்.

“அவுலியாக்கு ஊசி போடப் போறியா புள்ள? ஊருக்கே முசீபத்து வரும்.”

“அவுலியா எண்டா உங்கட ஊட்ட வெச்சுப் பாருங்க காக்கா. ராவெல்லாம் மகள்ர பேரச் சொல்லி அழுறது என்ட மாப்புள.”

“அது அழுகை இல்ல புள்ள, அல்லாஹ்ட பேரச் சொல்ற திக்ரு” என்றார் முதலாளி.

மாமா ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார். பெண்கள் போத்தல் தண்ணீரை அவரிடம் நீட்டி ஓதி ஊதச் சொன்னார்கள். ஊதினார். கூட்டத்தைப் பார்த்துப் பயந்த ஆட்டோக்காரன் அவரை இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

அந்த மாரிக் காலத்தில் மாமா கடலுக்குள் நடந்தார்; உடல் கரையொதுங்கியது. “அல்லாஹ் இழுத்துக்கிட்டான்” என்றது ஊர். கல்லுக்குச் செலவழித்து ‘மஜ்தூப்’ என்று எழுதவைத்தவர் முதலாளி.

பின்னர் ஊரில் காற்று மாறியது. அவுலியா, அவர்கள் பேரில் கொடுக்கும் கந்தூரி, ஊதின தண்ணீர் எல்லாமே வழிகேடு என்று பள்ளிவாசலில் பயான், மார்க்கப் பிரசங்கம், நடந்தது. முன்வரிசையில் அதே முதலாளி இருந்தார். போன நோன்பில், இப்தாரில், அவரிடம் மாமாவைப் பற்றிக் கேட்டேன்.

“ஆரு, அந்த விசரனா? மருந்தெடுத்திருந்தாச் சுகமாகியிருக்கும். பொண்டாட்டி பாக்கல்ல” என்று சொல்லிவிட்டுப் பேரீச்சங்கொட்டையைத் துப்பினார்.

கல்லைக் கொத்தியது பயான்காரப் பொடியன்கள் என்பது ஊர்க்கதை. அவர்களும் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கை வைத்த இடங்களில் கல்லையே பிடுங்கியிருக்கிறார்கள். இங்கே பெயரில் ஒரு கீறல்கூட இல்லை. மாமியிடம் கேட்டேன்.

“அழிச்சது ஆரெண்டு கேக்கிறீங்க மகன். அத எழுதக்குள்ள ஆரும் என்னட்டக் கேக்கல்லியே.”

கொத்தியவர் யார் என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.